ரெஸ்டாரன்ட் கேமில் எந்த ரெசிபி லாபம்? புதிதாக ஆடுபவர்களுக்குப் படிப்படியாக ஒரு கணக்கு

ரெஸ்டாரன்ட் கேம் ஆட ஆரம்பித்ததும் எல்லோரும் தேடுவது அதிக காயின் தரும் ரெசிபியைத்தான். ரெசிபி புத்தகத்தைத் திறந்து, எதில் பெரிய எண் தெரிகிறதோ அதையே எல்லா அடுப்பிலும் ஏற்றிவிடுகிறார்கள். கொஞ்சம் விவரமானவர்கள் "மணிக்கு எவ்வளவு லாபம்" என்று வகுத்துப் பார்த்து, முதலிடத்தில் வருவதை எடுக்கிறார்கள். இரண்டுமே பாதிக் கணக்குதான். ஒருவருக்கு வாரிக்கொடுக்கிற அதே ரெசிபி இன்னொருவருக்குக் கைக்காசையும் சேர்த்துத் தின்றுவிடும். நீங்கள் ஒரு நாளில் எப்போதெல்லாம் கேமைத் திறக்கிறீர்கள் என்பதைப் பார்க்காமல் லாபமான ரெசிபி எது என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால்தான் "டாப் 10 ரெசிபி" பட்டியல்களை நம்பி இறங்காதீர்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

இங்கே சொல்லப்போவது, அடுப்பில் ஏற்றிவிட்டுப் போய்ப் பிறகு வந்து எடுக்கும் வகை கேம்களுக்கு. 2009-ல் ஜிங்கா ஃபேஸ்புக்கில் கொண்டுவந்த கஃபே வேர்ல்டு இந்த வகைதான். அந்த கேம் மூடப்பட்டுவிட்டாலும் அதே அமைப்பில் மொபைலில் இன்றும் நிறைய கேம்கள் இருக்கின்றன. காயின் கொடுத்து சமையலை ஏற்றுகிறோம், கடிகாரம் ஓடுகிறது, வெந்ததும் கவுன்ட்டருக்கு மாற்றுகிறோம், வாடிக்கையாளர்கள் தட்டுத் தட்டாக வாங்குகிறார்கள். நேரத்தோடு எடுக்காவிட்டால் கெட்டுப்போகிறது.

படி 1: ரெசிபி அட்டையில் இருப்பதை எழுதி வையுங்கள்

ஒவ்வொரு ரெசிபிக்கும் ஐந்து எண்கள் வேண்டும்: ஏற்றும் செலவு, வேகும் நேரம், எத்தனை தட்டு வரும், ஒரு தட்டின் விலை, வெந்த பிறகு எவ்வளவு நேரத்தில் கெடும். நோட்டுப் புத்தகம் போதும். ஸ்ப்ரெட்ஷீட் தெரிந்தால் இன்னும் வசதி.

கடைசி எண்ணைப் பலரும் எழுதுவதே இல்லை. சில கேம்கள் அதை அட்டையில் காட்டுவதும் இல்லை, உள்ளே தேட வேண்டியிருக்கும். ஆனால் மொத்தக் கணக்கையும் புரட்டிப் போடுவது அந்த எண்தான்.

விளக்கத்துக்காக நானே நான்கு ரெசிபிகளை வைத்துக்கொள்கிறேன். எண்கள் எந்த கேமையும் சேர்ந்தவை அல்ல. எல்லாவற்றுக்கும் கெடும் நேரம், வேகும் நேரத்துக்குச் சமம் என்று வைத்துக்கொள்வோம்.

சூப்: செலவு 15, 5 நிமிடம், 20 தட்டு, தட்டுக்கு 2 காயின்.
பாஸ்தா: செலவு 200, 4 மணி நேரம், 200 தட்டு, தட்டுக்கு 4 காயின்.
ரோஸ்ட்: செலவு 350, 8 மணி நேரம், 350 தட்டு, தட்டுக்கு 4 காயின்.
கேக்: செலவு 500, 12 மணி நேரம், 500 தட்டு, தட்டுக்கு 4 காயின்.

படி 2: ஒரு தடவை சமைத்தால் எவ்வளவு மிஞ்சும்?

தட்டுகளை விலையால் பெருக்கி, செலவைக் கழியுங்கள். சூப்புக்கு 25, பாஸ்தாவுக்கு 600, ரோஸ்டுக்கு 1,050, கேக்குக்கு 1,500. அதை வேகும் நேரத்தால் வகுத்தால் மணிக்கு சூப் 300, பாஸ்தா 150, ரோஸ்ட் சுமார் 131, கேக் 125.

முதல் வரிசையில் கேக் ஜெயிக்கிறது. இரண்டாவதில் சூப் ஜெயிக்கிறது, கேக் கடைசிக்குப் போய்விடுகிறது. நிறைய பேர் இங்கேயே நிறுத்திவிட்டு எது சரி என்று சண்டை போடுகிறார்கள். நாம் அடுத்த படிக்குப் போவோம்.

படி 3: உங்கள் நேரத்தை எழுதுங்கள்

நேற்று, முந்தாநாள் எந்தெந்த நேரத்தில் கேமைத் திறந்தீர்கள் என்று யோசித்து எழுதுங்கள். "மணிக்கு ஒரு தடவை பார்ப்பேன்" என்று ஆசைக்கு எழுதாதீர்கள். வேலை நாளில் உண்மையில் எப்போது முடிகிறதோ அதை எழுதுங்கள்.

காலை 8, மாலை 6, இரவு 10 என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் இடைவெளிகள் மூன்று: 10 மணி நேரம், 4 மணி நேரம், மறுபடி 10 மணி நேரம். சமையல் 5 நிமிடத்தில் வெந்தாலும் நீங்கள் வந்து எடுக்கும்வரை அடுப்பு அடைபட்டேதான் கிடக்கும். அதனால் வகுக்க வேண்டிய நேரம் இந்த இடைவெளிதான். அட்டையில் போட்டிருக்கும் வேகும் நேரத்தால் வகுத்தால் ஏமாந்துபோவோம்.

படி 4: இடைவெளியில் ரெசிபியைப் பொருத்துங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். ஒரே ஒரு அடுப்பை எடுத்துக்கொண்டு ஒரு நாளை ஓட்டிப் பார்ப்போம்.

மூன்று தடவையும் பாஸ்தா ஏற்றினால் என்ன ஆகும்? காலை 8-க்கு ஏற்றியது 12-க்கு வெந்து, மாலை 4-க்குக் கெட்டுப்போகும். நீங்கள் வருவது 6-க்கு. 200 காயின் போச்சு. 6-க்கு ஏற்றியதை 10-க்கு எடுத்துவிடலாம், 600 லாபம். இரவு 10-க்கு ஏற்றியது 2-க்கு வெந்து விடியற்காலை 6-க்குக் கெடும். இன்னொரு 200 போச்சு. மணிக்கு 150 தரும் என்று பார்த்த ரெசிபி, நாள் முழுக்கச் சேர்த்து வெறும் 200 தருகிறது.

கேக் மட்டும் ஏற்றினால்? மாலை 6-க்கு ஏற்றினால் மறுநாள் காலை 8-க்கு எடுக்கலாம். 8-க்கு ஏற்றியது இரவு 8-க்கு வெந்துவிடும், 10-க்கு எடுப்பீர்கள். 10-க்கு ஏற்றியது மறுநாள் காலை 10-க்குத் தயார், ஆனால் நீங்கள் வருவது மாலை 6-க்கு. நல்ல வேளையாக அதற்குள் கெடாது. இரண்டு நாளில் மூன்று கேக், அதாவது நாளுக்கு 2,250.

ரோஸ்ட் மட்டும் என்றால் காலை 8-க்கு ஒன்று, மாலை 6-க்கு ஒன்று. மாலையில் ஏற்றியது இரவு 10-க்கு வெந்திருக்காது, மறுநாள் காலைதான் எடுக்கலாம். நாளுக்கு 2,100. கேக்கைவிடக் குறைவு.

இப்போது கலந்து பாருங்கள். காலை 8-க்கு ரோஸ்ட், மாலை 6-க்குப் பாஸ்தா, இரவு 10-க்கு மறுபடி ரோஸ்ட். மூன்றுமே கெடுவதற்குள் கைக்கு வருகின்றன. 1,050, 600, 1,050. மொத்தம் 2,700. மொத்த லாபத்திலும் சரி, மணிக்கு லாபத்திலும் சரி, ரோஸ்டோ பாஸ்தாவோ முதலிடத்தில் இல்லை. ஆனாலும் இந்த ஆளுடைய நேரத்துக்கு இந்த ஜோடிதான் முன்னால் நிற்கிறது. எனக்கு இந்த வகை கேமில் மிகவும் பிடித்த இடமே இதுதான். புத்தகத்தில் நடுவில் சும்மா கிடக்கும் ரெசிபி, உங்கள் இடைவெளியில் கச்சிதமாக உட்காரும்போது பெரிய ரெசிபிகளைத் தாண்டிப் போய்விடும்.

அப்போ சூப்பை எப்போது சமைப்பது? ரோஸ்ட் 8 மணி நேரத்தில் வெந்துவிடும், இடைவெளியோ 10 மணி நேரம். இரண்டு மணி நேரம் சும்மா கிடக்கிறது. காலையிலோ இரவிலோ அரை மணி நேரம் உட்கார முடிந்தால் ஆறு சூப் போட்டு 150 பார்த்துவிட்டு, கிளம்பும்போது ரோஸ்டை ஏற்றலாம். மாலையில் அதைச் செய்யாதீர்கள். 6:30-க்குப் பாஸ்தா ஏற்றினால் இரவு 10-க்குத் தயாராக இருக்காது, அப்புறம் இரவு ரோஸ்டும் தள்ளிப்போகும்.

உங்கள் கேமில் செய்ய வேண்டியது இதுதான்: ஒவ்வொரு இடைவெளிக்கும், வேகும் நேரம் இடைவெளிக்குள் அடங்குகிற, நீங்கள் வரும்வரை கெடாமல் தாங்குகிற ரெசிபிகளை மட்டும் பொறுக்குங்கள். அவற்றில் ஒரு தடவைக்கான லாபம் எதில் அதிகமோ அதுவே அந்த இடைவெளிக்கான ரெசிபி. இரண்டு இடைவெளியைச் சேர்த்து ஒரே நீண்ட சமையல் போட்டால் கூடுதலாக வருகிறதா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். தினமும் அரை மணி நேரம் முன்பின் ஆகும் ஆளாக இருந்தால், இடைவெளிக்குச் சரியாக முடியும் ரெசிபியைவிடக் கொஞ்சம் சீக்கிரம் முடிவதை எடுப்பது நல்லது.

படி 5: எங்கே அடைப்பு என்று பாருங்கள்

இதுவரை போட்ட கணக்கு, சமைத்ததெல்லாம் விற்றுவிடும் என்ற நம்பிக்கையில் போட்டது. தொடக்கத்தில் ஓரிரு அடுப்பு இருக்கும்போது அது பெரும்பாலும் உண்மைதான். அடுப்பு கூடக்கூட நிலைமை மாறும்.

கேமைத் திறந்ததும் எதையும் தொடாமல் ஒரு நிமிடம் பாருங்கள். கவுன்ட்டர் காலி, வாடிக்கையாளர்கள் முகம் சுளித்து எழுந்து போகிறார்களா? சமையல் போதவில்லை என்று அர்த்தம், படி 4-ன் கணக்கு அப்படியே செல்லும். கவுன்ட்டர் நிரம்பி வழிகிறது, அடுப்பில் வெந்ததை மாற்ற இடமில்லையா? அப்படியானால் அடைப்பு விற்பனையில் இருக்கிறது. இனி எவ்வளவு சமைத்தாலும் காயின் கூடாது. அப்போது பார்க்க வேண்டியது ஒரு தட்டுக்கு எவ்வளவு லாபம் என்பதை.

மேலே சொன்ன அட்டவணைப்படி ஒரு அடுப்பில் நாளுக்கு 900 தட்டு வரும். நான்கு அடுப்பு என்றால் 3,600. உங்கள் மேசைகளும் வெயிட்டர்களும் நாளுக்கு 2,400 தட்டுதான் கையாள முடியும் என்றால், தட்டுக்கு 3 காயின் வீதம் 7,200-க்கு மேல் லாபம் போகாது. இப்போது இறால் ரெசிபி ஒன்று இருப்பதாக வைத்துக்கொள்வோம்: செலவு 300, 8 மணி நேரம், 150 தட்டு, தட்டுக்கு 8 காயின். ஒரு தடவைக்கு லாபம் 900. ரோஸ்டைவிடக் குறைவு என்று முதலில் ஒதுக்கியிருப்பீர்கள். ஆனால் தட்டுக்கு 6 காயின் நிற்கிறது. இரண்டு ரோஸ்டின் இடத்திலும் இறாலைப் போட்டால் நான்கு அடுப்பிலும் சேர்த்து 2,000 தட்டுதான் வரும், எல்லாமே விற்றுவிடும், லாபம் 9,600.

அடைப்பு கைக்காசில் இருந்தால், அதாவது எல்லா அடுப்பையும் நிரப்பவே காயின் இல்லை என்றால், போட்ட காசு எத்தனை மடங்காகத் திரும்புகிறது, எவ்வளவு சீக்கிரம் திரும்புகிறது என்று மட்டும் பாருங்கள். ஒன்றிரண்டு நாளில் இந்த நிலை தாண்டிவிடும்.

படி 6: லெவலும் மாஸ்டரியும்

ஆரம்ப லெவல்களில் காயினைவிட, லெவலை ஏற்றும் அனுபவப் புள்ளி முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. லெவல் ஏறினால்தான் பெரும்பாலான கேம்களில் புதிய அடுப்பும் மேசையும் திறக்கும். ஒரு அடுப்பு இரண்டானால் வருமானம் அப்படியே இரட்டிப்பாகிறது, இடைவெளிக்குப் பொருந்தும் ரெசிபிகளை எடுத்துவிட்ட பிறகு வேறு ரெசிபி மாற்றம் பெரும்பாலும் அவ்வளவு தராது. ஆகவே படி 4-ல் செய்ததையே காயினுக்குப் பதில் புள்ளியை வைத்துச் செய்யுங்கள். அடுத்த அடுப்பு திறக்க வெகு தூரம் இருக்கும்போது காயினுக்குத் திரும்புங்கள்.

ஒரே ரெசிபியைத் திரும்பத் திரும்பச் சமைத்தால் தட்டுகளோ புள்ளியோ கூடும் மாஸ்டரி வசதி உங்கள் கேமில் இருந்தால், உங்கள் இடைவெளிகளுக்குப் பொருந்தும் இரண்டு மூன்று ரெசிபிகளிலேயே அதைச் சேருங்கள். எல்லாவற்றையும் ஒவ்வொரு தடவை சமைத்துப் பார்ப்பது ஆசையாகத்தான் இருக்கும், ஆனால் எதுவும் முழுமையாகாது. குறிப்பிட்ட உணவைக் கேட்கும் நிகழ்வுகள் வந்தால் ஒரு அடுப்பை அதற்கு ஒதுக்குங்கள். பரிசாக நிரந்தர அடுப்போ ரெசிபியோ கிடைக்கும் என்றால் மட்டும் எல்லா அடுப்பையும் கொடுக்கலாம். நேரத்தை முடுக்கும் ஜெம்களைச் சமையலில் செலவழிக்க வேண்டாம், சேர்த்து வைத்தால் கவுன்ட்டர் வாங்க உதவும்.

வேறு வகை கேம் ஆடுகிறீர்களா?

எதில் தட்டுப்பாடோ அதால் வகுப்பது என்ற முறை அங்கேயும் செல்லும். 2023-ல் வந்த டேவ் தி டைவர் கேமில் பகலில் கடலில் மூழ்கிப் பிடித்த மீன்தான் இரவு சுஷி கடையின் சரக்கு. அங்கே தட்டுப்பாடு மீனில், எனவே ஒரு மீனுக்கு எவ்வளவு வருமானம் என்று பாருங்கள். 2022-ல் வந்த பிளேட்அப் போல நீங்களே ஓடி ஓடிச் சமைக்கும் கேம்களில் தட்டுப்பாடு உங்கள் கை. வெட்டுவது, வேகவைப்பது, அடுக்குவது, கழுவுவது என்று ஒரு தட்டுக்கு எத்தனை வேலை என்று எண்ணி, அதிலிருந்து முடிவெடுங்கள்.

படி 7: புதிய ரெசிபி திறக்கும்போது

முழுக்கணக்கையும் மறுபடி போட வேண்டியதில்லை. புதியது எந்த இடைவெளியில் அடங்கும் என்று பார்த்து, அங்கே இப்போது இருக்கும் ரெசிபியோடு மட்டும் ஒப்பிடுங்கள். 9 மணி நேரத்தில் வெந்து 1,100 தரும் ஒன்று திறக்கிறது என்றால், அது போட்டி போடுவது 10 மணி நேர இடைவெளியில் இருக்கும் ரோஸ்டோடு. 50 காயின்தான் வித்தியாசம். ரோஸ்டின் மாஸ்டரி முடியும் தறுவாயில் இருந்தால் மாற்றாதீர்கள். இன்னும் தொடங்கவே இல்லையென்றால் இன்றிரவே மாற்றிவிடுங்கள், ஆனால் இனி சூப்புக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம் அல்ல, ஒன்றுதான்.