'புரொடெக்ட்' எண்டு நிண்ட ரிசீவர்

கிளிநொச்சி வெக்கையில எங்கட ரிசீவர் (படத்தின்ர சத்தத்தைக் கூட்டி ஸ்பீக்கருக்குக் குடுக்கிற பெட்டி) படம் தொடங்கி அரை மணித்தியாலத்தில 'டிக்' எண்டும். முகப்பில 'புரொடெக்ட்' எண்டு வரும், தன்னைக் காப்பாத்தத் தானே நிண்டிடும்; பிறகு சத்தமே இல்லை. கடைக்காரர் போர்ட் மாத்தவேணும் எண்டார். எனக்கு மனம் வரேல்ல.

பிளக்கைக் கழட்டி ஒரு நாள் விட்டுத்தான் மூடியைத் திறந்தன்; கப்பாசிற்றரில கரண்ட் தங்கி நிக்கும், கவனம். ஹீட்சிங்க் எண்ட சூடு தணிக்கிற தகட்டின்ர இடுக்கெல்லாம் செம்மண் புழுதி, காய்ஞ்ச பல்லி வேற. பெயின்ற் பிரஷால தட்டி எடுத்தன். அப்பவும் நிண்டுது.

கள்ளன் பின்னுக்கு இருந்தான். விறாந்தைக்கெண்டு தம்பி இன்னொரு சோடி ஸ்பீக்கரை அதே முனையில கொழுவியிருந்தான். ஓம் எண்டது ஸ்பீக்கர் கரண்டைத் தடுக்கிற அளவு; 8 ஓம் இரண்டு பக்கம்பக்கமாச் சேர்ந்தா 4 ஓம். பெட்டியின்ர முதுகில '6 இலிருந்து 16' எண்டு அச்சடிச்சுக் கிடக்கு; 4 அதுக்கும் கீழ, கரண்ட் கூடப் போய்ப் பெட்டி சூடாகி நிண்டிருக்கு. கழட்டினன். மூண்டு மாசமா நிக்கேல்ல, தம்பிதான் கதைக்கிறானில்லை.