பழைய கேமைப் புது போனுக்குத் தயார் செய்வது எப்படி?

கிருஷ்ணகிரியில் இருந்துகொண்டு, எருது விடும் விழாவை வைத்து மொபைல் கேம் செய்கிறேன். போன் மாற மாற நம் கேமும் மாறியாக வேண்டும். என்னைப் போலத் தனியாளாகச் செய்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது திரையின் வேகம், அதாவது அது நொடிக்கு எத்தனை படம் (ஃபிரேம்) காட்டுகிறது என்பது.

‘ஒரு ஃபிரேமுக்கு 5 பிக்சல் நகரட்டும்’ என்று எழுதியிருந்தால், நொடிக்கு 60 ஃபிரேமில் 300 பிக்சல் ஓடும் காளை, 120 ஃபிரேமில் 600 பிக்சல் பாயும். விளையாடுபவர் விரல் வைப்பதற்குள் எல்லைக்கோட்டைத் தாண்டிவிடும். அதனால் வேகத்தை நொடிக் கணக்கில் 300 என்று வைத்து, கேம் செய்யும் மென்பொருளான யூனிட்டியில் ‘டெல்டா டைம்’ (முந்தைய ஃபிரேமிலிருந்து கடந்த நேரம்) கொண்டு பெருக்குங்கள். 60 ஃபிரேமில் அது சுமார் 16.7 மில்லி நொடி, 120-இல் 8.3. இரண்டிலும் காளை ஒரே வேகத்தில் ஓடும். மோதல், தாவல் போன்ற இயற்பியல் கணக்குகளை ஃபிரேம் வேகம் எப்படியிருந்தாலும் சீரான இடைவெளிக் கணக்கில் இயங்கும் ‘ஃபிக்ஸ்டு அப்டேட்’டில் போடுங்கள்.

அடுத்தது நேட்டிவ் லைப்ரரிகள், அதாவது கேமுக்குள் இருக்கும், பிராசசர் நேரடியாக இயக்கும் நிரல் கோப்புகள். 2019 ஆகஸ்டில் கூகுள் பிளே இவற்றுக்கு 64 பிட் பிராசசருக்கான வடிவத்தைக் கட்டாயமாக்கியது. 2025 நவம்பர் 1 முதல், ஆண்ட்ராய்டு 15-ஐயும் அதற்கு மேலும் குறிவைக்கும் கேம்களுக்கு மெமரியை 16 கிலோபைட் துண்டுகளாக (பக்கங்களாக)க் கையாளும் போன்களுக்கான ஆதரவும் வேண்டும். பெரும்பாலும் மாட்டிவிடுவது நாம் எழுதிய நிரல் அல்ல, விளம்பரம் காட்டச் சேர்த்த பழைய பிளகின்தான் (பிறர் எழுதிய துணை நிரல்). புது வெர்ஷன் வராத பிளகினைத் தயங்காமல் தூக்கிவிடுங்கள்.

புது போனுக்கென்று படங்களை ஊதிப் பெருக்க வேண்டாம். நம் ஊர்ப் பிள்ளைகள் கையில் அண்ணன் கொடுத்த பழைய போன்தான் இருக்கிறது. அப்படி ஒன்றை வாங்கி, சித்திரை வெயிலில் அரை மணி நேரம் விளையாடிப் பாருங்கள். சூடேறினால் பிராசசர் தானாக வேகத்தைக் குறைக்கும். அப்போதும் நொடிக்கு 30 ஃபிரேமுக்குக் குறையாமல் ஓடினால் வெளியிடலாம்.