ரோடு தெரியல, ஆனா ரோடு தெரியும்: அறிவைப் பற்றிக் கட்டுரை எழுதப் போகிறவர்களுக்கு

சேலத்திலிருந்து ஏற்காடு போகும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். டிசம்பர் காலையில் பஸ் பாதி மலை ஏறியதும் பனிமூட்டம் வந்து கண்ணாடியை மூடிவிடும், முன் சீட்டில் யாராவது ‘ரோடே தெரியல’ என்பார்கள், ஓட்டுநர் மட்டும் ஹாரன் அடித்துக்கொண்டே அடுத்த வளைவை அளந்து திருப்புவார். அவருக்கு ரோடு தெரியவில்லை, ஆனால் ரோடு தெரியும். அறிவைப் பற்றிக் கட்டுரை எழுத உட்காரும் எந்த மாணவரும் இந்த ஒரு வாக்கியத்தோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டலாம், வீண் போகாது.

வெளியூர் விடுதிகளில் தங்கி ஐ.பி. டிப்ளமா (பிளஸ் டூ-வுக்கு இணையான சர்வதேசப் பள்ளிப் படிப்பு) படிக்கிற சேலத்துப் பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அஸ்தம்பட்டியில் என் வீட்டுக்குக் கட்டுரையைத் தூக்கிக்கொண்டு வருவார்கள். டி.ஓ.கே. என்று அவர்கள் சொல்கிற அறிவுக் கோட்பாட்டுப் பாடம். ஆறு தலைப்புகள் கொடுப்பார்கள், ஒன்றை எடுத்து 1,600 வார்த்தைக்குள் எழுத வேண்டும், 10 மதிப்பெண். கல்லூரியில் தத்துவம் படிக்கிறவர்களும் அவ்வப்போது வருவார்கள், அவர்களுக்குப் பக்க அளவு வேறு, சிக்கல் ஒன்றுதான். முக்கால்வாசிக் கட்டுரைகளில் எழுதியவரே இல்லை. பிளேட்டோ இருக்கிறார், டெக்கார்ட் இருக்கிறார், இணையத்தில் கிடைத்த நாலு மேற்கோள் இருக்கிறது. எழுதிய பிள்ளை எதைத் தெரியும் என்று நம்பியது, எங்கே தடுக்கி விழுந்தது என்பது மட்டும் இல்லை. அதைக் கொண்டுவருவதற்கு நான் சொல்லிக்கொடுக்கிற வழியைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் தலைப்பு. அதைப் பத்து தடவையாவது படியுங்கள், அதில் கதவுக் கீல் மாதிரி ஒரு வார்த்தை இருக்கும், கேள்வி முழுக்க அதில்தான் தொங்கிக்கொண்டிருக்கும். ‘பிறர் சொல்லித் தெரிந்துகொண்டதை எந்த அளவுக்கு அறிவு என்று சொல்லலாம்?’ என்று ஒரு தலைப்பு என்று வைத்துக்கொள்வோம். பிள்ளைகள் உடனே ‘பிறர் சொல்வது’ என்பதைப் பிடித்துக்கொண்டு ஆசிரியர், செய்தித்தாள், யூடியூப் என்று எழுத ஆரம்பித்துவிடுவார்கள். கீல் அது இல்லை, ‘எந்த அளவுக்கு’ என்பதுதான். அளவு கேட்டிருக்கிறார்கள் என்றால் எங்கே வரைக்கும் சரி, எந்த இடத்தில் உடைகிறது என்று காட்டியாக வேண்டும். சில தலைப்புகளில் அது ‘எப்போதும்’, சிலவற்றில் ‘மட்டும்’. ஆங்கிலத் தலைப்பாக இருந்தால் அதை உங்கள் அம்மாவுக்குச் சொல்வது போலத் தமிழில் சொல்லிப் பாருங்கள். சொல்ல வரவில்லையா, தலைப்பு இன்னும் புரியவில்லை. இது மொழிபெயர்ப்புப் பயிற்சிக்காகச் சொல்வதில்லை. ‘நீச்சல் தெரியும்’, ‘அவரைத் தெரியும்’, ‘பூமி சுற்றுகிறது என்று தெரியும்’ என்று மூன்று வேறு சங்கதிகளை நாம் ஒரே சொல்லில் சொல்கிறோம், போதாக்குறைக்கு ‘மலை தெரிகிறது’ என்று கண்ணுக்குப் படுவதையும் அதே சொல்லில்தான் சொல்கிறோம். உங்கள் தலைப்பு இதில் எந்தத் ‘தெரியும்’ பற்றியது என்று தமிழில் கேட்டால் சட்டென்று பிடிபடும்.

தொடக்கத்துக்கு அகராதி விளக்கம் வேண்டாம். ‘எப்பொருள் யார்யார்வாய்’ குறளும் வேண்டாம். எனக்கு அந்தக் குறள் மிகவும் பிடிக்கும், அதனாலேயே சொல்கிறேன், அதை முதல் வரியில் மாலை போட்டு வைத்துவிட்டு அப்புறம் திரும்பிக்கூடப் பார்க்காமல் போகிற கட்டுரைகளை நிறையப் படித்துவிட்டேன்.

அதற்குப் பதிலாக ஓர் எடுத்துக்காட்டில் தொடங்குங்கள். ஒன்றே ஒன்று போதும், ஆனால் அதைச் சக்கையாகப் பிழிய வேண்டும். எப்படி என்று காட்டுகிறேன். நம் ஊர்த் தர்க்க நூல்களில் திரும்பத் திரும்ப வரும் உதாரணம்: மலையில் புகை தெரிகிறது, ஆகவே அங்கே நெருப்பு இருக்கிறது. பிப்ரவரி மாதம், காலையில் மொட்டைமாடியில் நிற்கிறீர்கள், ஏற்காடு இருக்கிற சேர்வராயன் மலைச் சரிவில் வெள்ளையாக ஏதோ எழும்புகிறது. ‘மலையில் தீப்பிடித்திருக்கிறது’ என்கிறீர்கள். கோடை தொடங்கும் நேரம், சருகு காய்ந்து கிடக்கிறது, நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் நீங்கள் பார்த்தது புகை இல்லை, பள்ளத்திலிருந்து ஏறுகிற மூடுபனி. அதே நேரத்தில் உங்கள் கண்ணுக்குப் படாத மறுபக்கச் சரிவில் உண்மையிலேயே சருகு எரிந்துகொண்டிருக்கிறது. இப்போது சொல்லுங்கள், மலையில் தீ என்று உங்களுக்குத் தெரியுமா?

நம்பினீர்கள், நம்பியது உண்மை, நம்புவதற்குக் காரணமும் இருந்தது. உண்மையான நம்பிக்கையோடு தகுந்த காரணமும் சேர்ந்தால் அறிவு என்பது பிளேட்டோ காலத்திலேயே பேசப்பட்ட விளக்கம் (அதைப் பேசுகிற உரையாடலின் முடிவில் சாக்ரடீஸ் அதை ஏற்றுக்கொள்வதில்லை, பிளேட்டோ இப்படித்தான் வரையறுத்தார் என்று எழுதும் பிள்ளைகள் இதைக் கவனிக்க வேண்டும்). 1963-ல் எட்மண்ட் கெட்டியர் என்ற அமெரிக்கத் தத்துவ அறிஞர் மூன்றே பக்கக் கட்டுரை ஒன்றில், இந்த மூன்றும் இருந்தும் அறிவு இல்லாமல் போகலாம் என்று காட்டினார். அதற்குச் சுமார் ஆயிரத்து இருநூறு வருடம் முன்னால், எட்டாம் நூற்றாண்டில், தர்மோத்தரர் என்ற பௌத்த தர்க்க அறிஞர் இதே மாதிரி ஓர் உதாரணம் சொல்லியிருக்கிறார். இறைச்சி சுட இப்போதுதான் நெருப்பு மூட்டியிருக்கிறார்கள், புகை இன்னும் எழவில்லை, இறைச்சிக்கு மொய்த்த பூச்சிக் கூட்டத்தைத் தூரத்திலிருந்து பார்த்தவன் புகை என்று நினைத்து ‘நெருப்பு’ என்கிறான். நெருப்பு இருக்கத்தான் செய்கிறது.

இதோடு நிறுத்தினால் அது வெறும் தகவல். உதாரணத்தைத் திருகிப் பார்க்க வேண்டும். மொட்டைமாடியில் நிற்கிற உங்களுக்கு ஏற்காட்டில் இருக்கும் மாமா போன் போட்டு ‘தீ எரியுதுப்பா’ என்று சொல்லியிருந்தால்? அவர் கண்ணால் பார்த்தாரா, இல்லை டீக்கடையில் யாரோ சொன்னதைச் சொல்கிறாரா? அவர் பார்த்ததும் அதே பனிமூட்டம்தான் என்றால்? நீங்கள் பத்து வருடமாக அந்த மலையைப் பார்த்துப் பனிக்கும் புகைக்கும் வித்தியாசம் பழகியவராக இருந்து, இன்றைக்கு ஒரு நாள் மட்டும் தவறியிருந்தால்? ஒவ்வொரு திருகலுக்கும் உங்கள் பதில் மாறுகிறதா என்று குறித்துக்கொண்டே வாருங்கள். பதில் எந்த இடத்தில் மாறுகிறதோ அந்த இடத்தில்தான் உங்கள் கட்டுரையின் வாதம் இருக்கிறது. குருட்டு யோகத்தில் சரியாகிவிட்டதுதான் உறுத்துகிறதா, நீங்கள் கண்டதற்கும் எரிகிற தீக்கும் தொடர்பே இல்லாததுதான் உறுத்துகிறதா என்று நீங்களே கண்டுபிடித்து எழுதினால், படிக்கிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

எடுத்துக்காட்டைப் பிரித்துப் பார்க்க நம்மிடம் நல்ல கருவி ஒன்று இருக்கிறது, அளவை, அதாவது ஒன்றை நாம் எந்த வழியில் அறிந்தோம் என்பது. மணிமேகலையின் 27-ஆம் காதையில் அளவைகள் பத்து என்றும் எட்டு என்றும் ஆறு என்றும் ஆசிரியர்கள் ஆளுக்கொரு கணக்குச் சொல்வது வரும். ‘நியாயம்’ என்ற பழைய இந்தியத் தர்க்க மரபு நான்கோடு நிறுத்திக்கொள்ளும்: கண்டது, கருதியது, ஒப்பிட்டது, நம்பத்தக்கவர் சொன்னது. பௌத்தர்கள் காண்டல், கருதல் என்று இரண்டோடு முடித்துவிடுவார்கள். மணிமேகலை சொல்லும் அந்தப் பத்தில் ஐதிகம் என்று ஒன்று உண்டு, இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்று ஊர் சொல்லி வருவதை ஏற்பதுதான் அதற்குக் கொடுத்திருக்கிற உதாரணம். ஊர்ப் பேச்சையும் ஓர் அளவையாக எண்ணிக்கையில் சேர்க்கலாமா என்று அன்றைக்கே யோசித்திருக்கிறார்கள், இன்றைக்கு வாட்ஸ்அப் ஃபார்வர்டைப் பற்றி எழுதுகிற பிள்ளைக்கு இதைவிட நல்ல துணை கிடைக்காது. உங்கள் எடுத்துக்காட்டில் வரும் ஒவ்வொரு கூற்றுக்கும் பக்கத்தில் இது எந்த அளவையில் வந்தது என்று எழுதிப் பாருங்கள். கண்டது என்று நினைத்தது பாதிக்கு மேல் கருதியதாக இருக்கும்.

எடுத்துக்காட்டு கிடைக்கவில்லை என்று சொல்கிறவர்களை நான் நம்புவதில்லை. வரலாறும் அறிவியலும் வேண்டுமா? ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற நிலவியலாளரின் நினைவுக்கல் ஏற்காடு ஹோலி டிரினிடி தேவாலயத்தில் இருக்கிறது, பின்னாளில் அவர் வாழ்ந்த ஊர் இது. 1863-ல் சென்னைக்குப் பக்கத்தில் பல்லாவரத்தில் ஒரு கல்லை எடுத்து, இது பழைய கற்கால மனிதன் செதுக்கிய கருவி என்றார். அந்தச் செம்மண்ணில் எத்தனையோ பேர் நடந்திருப்பார்கள், எல்லோர் கண்ணிலும் கல் பட்டிருக்கும். அவருக்கு மட்டும் கருவியாகத் தெரிந்ததற்கு ஒரு காரணம், பிரான்ஸில் சோம் ஆற்றுப் படுகையில் கிடைத்த கற்கருவிகளை 1859-ல்தான் அறிஞர் உலகம் ஒப்புக்கொண்டிருந்தது, அந்தச் செய்தி அவருக்குத் தெரியும். அப்படியென்றால் அவர் கண்டாரா, கருதினாரா? அதே வருடம் அவர் தடம் கண்ட அத்திரம்பாக்கத்துக் கருவிகள் சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழையவை என்று 2011-ல் வெளியான ஆய்வு சொல்கிறது. ஃபூட்டிடம் அந்த வயதைக் கணிக்கும் முறையே இல்லை. வயது தெரியாமல் அவருக்குத் தெரிந்திருந்தது அறிவா, பாதி அறிவா? இந்த ஒரு கல்லை வைத்து மொத்தக் கட்டுரையையும் எழுதிவிடலாம்.

வீட்டுக்குள்ளேயே இருப்பதும் உண்டு. ஏற்காட்டுக் காப்பித் தோட்டத்தில் வளர்ந்த ஒரு பெண், கலிலியோவையும் தொலைநோக்கியையும் வைத்து எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வாக்கியங்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் அவளுக்கும் கலிலியோவுக்கும் ஒரு ஒட்டும் இல்லை. பேச்சுவாக்கில் பாட்டி மிளகு பறிப்பதைப் பற்றிச் சொன்னாள். சில்வர் ஓக் மரத்தில் ஏறிய கொடியில், ஒரு சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் பறிக்க வேண்டும், இது புத்தகத்திலும் இருக்கிறது. ஆனால் பாட்டி சிவப்பே இல்லாத சரத்தையும் தொட்டுப் பார்த்துவிட்டுப் பறிப்பாராம். ‘எப்படிப் பாட்டி?’ என்று கேட்டால் ‘தெரியும் கண்ணு’ என்பாராம், அவ்வளவுதான். சொல்லத் தெரியாததை அறிவு என்று சொல்லலாமா? இதுதான் உன் கட்டுரை என்றேன். ‘மிளகைப் பற்றி எல்லாம் எழுதலாமா மிஸ்?’ என்று தயங்கினாள். எழுதினாள். திருத்துகிறவர் அதற்கு முன்னால் படித்தே இராத ஓர் எடுத்துக்காட்டு அது, அவளைத் தவிர வேறு யாரும் எழுதியிருக்கவும் முடியாது.

எதிர்வாதத்தில் பெரும்பாலானவர்கள் சோம்பல்படுகிறார்கள். ‘ஆனால் சிலர் இதை மறுக்கிறார்கள்’ என்று ஒரு வரி போட்டுவிட்டு அடுத்த வரியில் அந்தச் சிலரைத் தோற்கடித்துவிடுவார்கள். உங்கள் கருத்தை ஏற்காத, உங்களைவிடக் கெட்டிக்காரரான ஒருவர் எதிரே உட்கார்ந்திருக்கிறார் என்று நினைத்துக்கொள்ளுங்கள். பாட்டி விஷயத்தில் அவர் என்ன கேட்பார்? ‘உங்கள் பாட்டி பறித்ததில் எத்தனை பிஞ்சு என்று யாராவது எண்ணிப் பார்த்தீர்களா? தவறியதை மறந்துவிட்டுச் சரியானதை மட்டும் நினைவு வைத்திருந்தால்?’ நல்ல கேள்வி. இதற்குப் பதில் சொல்லப் போனால், ஒரு திறமை அறிவுதான் என்று சொல்வதற்கு அதை வெளியிலிருந்து சரிபார்க்க வழி வேண்டுமா என்ற அடுத்த கேள்வி வந்துவிடும். உங்கள் முதல் கருத்து கொஞ்சம் அடி வாங்கி, சுருங்கி, ஆனால் உறுதியாகி நிற்கும். அடி வாங்கிய தடத்தை அழிக்காதீர்கள், அதற்குத்தான் மதிப்பெண்.

தத்துவ அறிஞர்களின் பெயர்? வேலை இருந்தால் மட்டும். கட்டுரையிலிருந்து ஒரு பெயரை எடுத்துவிட்டாலும் வாதம் அப்படியே நின்றால், அந்தப் பெயர் வேண்டாம்.

எழுதும் வரிசை என் அனுபவத்தில் இதுதான் சரிப்படுகிறது: முதல் வாரம் எழுதவே கூடாது, எடுத்துக்காட்டைத் திருகிக்கொண்டே இருங்கள், நண்பரிடம் வாய்விட்டுச் சண்டை போடுங்கள். அப்புறம் தலைப்புக்கு உங்கள் பதிலை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். வரவில்லை என்றால் இன்னும் இரண்டு நாள். வந்துவிட்டால் நடுப்பகுதியை முதலில் எழுதி, முன்னுரையைக் கடைசியில் எழுதுங்கள், ஏனென்றால் எதற்கு முன்னுரை என்பது அப்போதுதான் தெரியும். 1,600 வார்த்தை நிறைய என்று தோன்றும், மிளகுப் பாட்டிக்கே 500 போய்விடும், எடுத்துக்காட்டு இரண்டுக்கு மேல் தாங்காது. முடிவில் ‘இது சூழ்நிலையைப் பொறுத்தது’ என்று எழுதத் தோன்றும்போது பேனாவை நிறுத்தி, எதைப் பொறுத்தது என்று எழுதுங்கள்.

கடைசியாக ஒரு வேலை. அச்செடுத்த தாளில் ‘தெரியும்’, ‘நிரூபிக்கப்பட்டது’, ‘உண்மையில்’, ‘எல்லோரும் அறிந்ததே’ என்று வரும் இடங்களிலெல்லாம் பென்சிலால் வட்டம் போடுங்கள். ஒவ்வொரு வட்டத்துக்குப் பக்கத்திலும் ‘எப்படி?’ என்று எழுதி, பதிலை மார்ஜினில் எழுதிப் பாருங்கள். பதில் வராத வாக்கியத்தை அடித்துவிடலாம், அல்லது ‘இது எனக்கு எப்படித் தெரியும்?’ என்று கட்டுரையிலேயே கேட்டுவிட்டு அதற்கு ஒரு பத்தி ஒதுக்கலாம். போன விடுமுறையில் ஒரு பையன் இப்படி 14 வட்டம் போட்டுக்கொண்டு வந்தான், ஒன்பதை அடித்துவிட்டோம், மீதி ஐந்தை வைத்துப் புதிதாக எழுத உட்கார்ந்தான்.