வீட்டுக்குள் திருடன் வந்தால்: தற்காப்பில் பலர் செய்யும் தவறுகள்

என் வீட்டுக்குள் நுழைந்தவனை நான் என்ன செய்தாலும் யாரும் கேட்க முடியாது என்ற நம்பிக்கை கடலூரிலும் உண்டு, புதுச்சேரியிலும் உண்டு. நல்ல மனிதர்களைச் சிறைக்கு அனுப்பும் நம்பிக்கை இது. எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறும் என்பதும் தவறு. 2024 ஜூலை 1 முதல் இரண்டு பக்கமும், இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாதான். அதன் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்பு உரிமையைச் சொல்கின்றன.

மிகப் பெரிய தவறு, பிடிபட்ட பிறகு அடிப்பது. கத்தியோடு பாய்ந்தவனைக் கட்டையால் அடித்து வீழ்த்தினால் அது தற்காப்பு. அவன் கத்தி கீழே விழுந்து, நாலு பேர் பிடித்துக்கொண்ட பின் மின்கம்பத்தில் கட்டிவைத்து அடித்தால் அது குற்றம். ஆபத்து பற்றிய நியாயமான அச்சம் இருக்கும் வரைதான் உடலைக் காக்கும் உரிமை. அடிபட்டவன் இறந்துபோனால், தெருவே சேர்ந்து அடித்திருந்தாலும் கொலை வழக்கு வரும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த மூதாட்டியைக் குழந்தை கடத்த வந்தவர் என்று நினைத்து ஊரார் அடித்தே கொன்றார்கள். இந்தப் பகுதியை எழுதும்போது அந்த அம்மாவின் நினைவுதான் வருகிறது. திருடனைப் பொதுமக்கள் பிடித்து வைக்கச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் தாமதிக்காமல், அதிகபட்சம் 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைத்துவிட வேண்டும்.

‘ராத்திரி வந்தான், அதனால் கொல்லலாம்’ என்பது அடுத்த தவறு. சூரியன் மறைந்து உதிப்பதற்குள் கன்னம் வைத்தோ, பூட்டை உடைத்தோ, சுவரேறிக் குதித்தோ வீடு புகுந்தால், எதிர்ப்பில் வந்தவன் உயிர் போனாலும் 41-ஆம் பிரிவு பாதுகாப்புத் தருகிறது. கொள்ளைக்கும், குடியிருக்கும் வீட்டுக்குத் தீவைப்பதற்கும் அப்படியே. ஆனால் தேவைக்கு மேல் தீங்கு செய்யக் கூடாது என்ற 37-ஆம் பிரிவு இதற்கும் பொருந்தும். குடித்துவிட்டு வீடு மாறி வந்து திண்ணையில் படுத்தவரும், பகலில் திறந்த கதவு வழியாக வந்து செல்போனை எடுத்துக்கொண்டு ஓடுபவரும் இந்தக் கணக்கில் வரமாட்டார்கள். ஓடுகிறவரைத் துரத்திப் பிடிக்கலாம், பொருளை மீட்கலாம். அதற்காக அரிவாளால் வெட்ட முடியாது.

பண்ருட்டிப் பக்கம் பலா, முந்திரித் தோப்பு வைத்திருப்பவர்கள் கவனிக்க வேண்டியது மின்வேலி. வருபவன் திருடனா, ஆடு தேடி வந்த சிறுவனா என்று கம்பிக்குத் தெரியாது. கழிப்பறைக்குப் போகும் வழியில் கட்டிய மின்கம்பியில் சிக்கி ஒருவர் இறந்த வழக்கில், அத்துமீறி நுழைந்தவர் என்றாலும் தற்காப்பு என்ற வாதம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 1963-லேயே சொல்லிவிட்டது.

சம்பவம் முடிந்ததும் பயத்தில் ரத்தத்தைக் கழுவுவதும் கட்டையை ஒளிப்பதும் உண்மையான தற்காப்பையே கெடுத்துவிடும். தற்காப்பு என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் அடித்தவர் மீதுதான். உயிர்பயத்தில் இருப்பவர் ஒவ்வொரு அடியையும் தராசில் நிறுத்து அடிக்க முடியாது என்பதை நீதிமன்றங்கள் ஏற்கின்றன. ஆனால் உடைந்த பூட்டு, கிடந்த கத்தி, உங்கள் காயம் எல்லாம் அப்படியே இருந்தால்தான் அதைச் சொல்ல முடியும். உடனே 112-ஐ அழையுங்கள், அடிபட்டவனுக்கும் சேர்த்து ஆம்புலன்ஸ் கேளுங்கள், உங்கள் காயத்தை அரசு மருத்துவமனையில் பதிவு செய்யுங்கள். வாக்குமூலம் தருவதற்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் பேசிவிடுங்கள்.