பனங்கூடலில் பூக்காலம்: முதன்முறை கூடாரம் போடுபவர்களுக்கு

இலண்டனில் இருக்கும் அக்கா ஒரு படம் அனுப்பியிருந்தார். ஓக் மரக்காட்டுக்குள் வெள்ளைத் துணிக் கூடாரம், உள்ளே கட்டில், கம்பளி, விளக்கு. வெளியே கண்ணுக்கு எட்டியவரை நீலமணிப் பூக்கள். இதைக் 'கிளாம்பிங்' என்கிறார்கள். வசதிகளோடு கூடாரத்தில் தங்குவது என்பதுதான் பொருள். ஒக்ஸ்போர்ட் அகராதி 2016 இல் இந்தச் சொல்லைச் சேர்த்துக்கொண்டது. அங்கே மரங்கள் இலைவிட்டு நிழல் மூடிவிட்டால் தரைக்கு வெயில் கிடைக்காது. அதற்கு முன், ஏப்ரல் கடைசிக்கும் மே மாதத்துக்கும் இடைப்பட்ட சில வாரங்களுக்குள், அந்தப் பூக்கள் அவசரமாகப் பூத்து முடித்துவிடும்.

யாழ்ப்பாணத்தில் ஓக் காடும் இல்லை, வசந்தம் என்று தனிப் பருவமும் இல்லை. ஆனால் அதே போன்ற குறுகிய வாரங்கள் எங்களுக்கும் உண்டு. மாரி ஓய்ந்த பின் மண்ணின் ஈரம் வற்றுவதற்குள் எங்கள் பனங்கூடல்களின் தரையும் பூக்கிறது. வலிகாமத்தில் அம்மம்மாவின் காணியில் இரண்டு வருடங்களாக இந்த நாட்களில் கூடாரம் போட்டுத் தங்குகிறோம். அங்கே கற்றுக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

முதற்படி: நாளைத் தெரிவு செய்தல்

தை நடுப்பகுதியிலிருந்து மாசி முடியும் வரை நல்ல காலம். அதற்கு முன் போனால் மழை. தைப்பொங்கலுக்குப் பிறகும் ஓரிரு நாள் மழை திரும்பி வரும் என்பதால் வானிலை அறிவிப்பைப் பார்த்துவிட்டே புறப்படுங்கள். பங்குனி பிறந்துவிட்டால் புல் காய்ந்து, கூடாரத்துக்குள் காலை எட்டு மணிக்கே இருக்க முடியாது.

இந்த வாரங்களில் பார்க்கக் கிடைப்பவை: வெள்ளைத் தும்பை, மஞ்சள் நெருஞ்சி, மணற்பாங்கான இடமென்றால் பட்டிப்பூ, கடற்கரைப் பக்கம் அடம்பன் கொடியின் ஊதாப் பூ. எனக்கு எல்லாவற்றிலும் பிடித்தது விஷ்ணுகிராந்தி. சட்டைப் பொத்தானைவிடச் சிறிய நீலப்பூ. காலையில் விரிந்து, வெயில் ஏறியதும் சுருங்கிவிடும். பகலில் வந்து பார்த்துவிட்டுப் போகிறவர்கள் அதைப் பார்ப்பதே இல்லை. இரவு அங்கேயே தங்குவதற்கு இது ஒன்றே போதிய காரணம் என்று நினைக்கிறேன். செங்காந்தளான கார்த்திகைப்பூ பெரும்பாலும் இதற்கு முன்பே பூத்து ஓய்ந்திருக்கும். வேலியில் ஒன்றிரண்டு மிஞ்சியிருந்தால் பிள்ளைகளைத் தொட விடாதீர்கள். அதன் கிழங்கு கொடிய நஞ்சு.

இரண்டாம் படி: இடம்

அவசரப்படக் கூடாத படி இதுதான். முதல் நாள் மாலை வெளிச்சம் இருக்கும்போதே காணியை ஒருமுறை முழுவதும் நடந்து பாருங்கள்.

உங்கள் சொந்தக் காணி, அல்லது உரிமையாளர் வாயால் சம்மதித்த காணி மட்டுமே. சுண்டிக்குளத்துக்குப் போய்ப் போடலாமா என்று சிலர் கேட்கிறார்கள். அது 1938 இல் பறவைகள் சரணாலயமாகி, 2015 இல் தேசிய பூங்காவாக்கப்பட்ட இடம். பூநாரைகளைப் பகலில் பார்த்துவிட்டு வாருங்கள். அனுமதியில்லாமல் கூடாரம் போடக்கூடாது. மக்கள் அண்மையில்தான் திரும்பிச் சென்ற ஊர்களில் கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா என்று அயலவரிடம் கேளுங்கள். பல வருடம் ஆள் நடமாட்டம் இல்லாத பற்றைக்குள் பூவைத் தேடி இறங்க வேண்டாம்.

அடுத்து, தலைக்கு மேலே பாருங்கள். 'காவோலை விழக் குருத்தோலை சிரித்ததாம்' என்று சொல்வோமே, அந்தக் காவோலை மட்டையோடுதான் விழும். மட்டையின் இரு பக்கமும் வாள் போன்ற கருக்கு. துணியை மட்டுமன்றி ஆளையும் கிழிக்கும். எந்தப் பனையிலிருந்தும் குறைந்தது ஐந்து மீற்றர் தள்ளி, கூடலின் விளிம்பில் இருக்கும் வெளியைத் தெரிவு செய்யுங்கள். பனைகள் கிழக்கே இருந்தால் காலை நிழல் கிடைக்கும். இந்த மாதங்களில் வாடை வடக்கிலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வருவதால் வாசல் தென்மேற்கைப் பார்க்கட்டும்.

பின்பு தரை. முதல் வருடம் நான் பூ நிறைந்து இருந்த பள்ளத்தை விரும்பி அதன் நடுவிலேயே போட்டேன். இரவு பெய்த சிறு மழைக்கே பாய் மிதந்தது. காலையில் பார்த்தால், எந்தப் பூவைப் பார்க்க வந்தோமோ அதையே எங்கள் கால்கள் சேறாக்கியிருந்தன. அன்று முதல் மேட்டில், பூ இல்லாத வெறுந்தரையில்தான் கூடாரம். பூக்களுக்கு நடுவே ஒரே ஒரு நடைபாதையைக் கயிற்றால் குறித்து, எல்லோரும் அதிலேயே நடக்கிறோம்.

ஒரு வெண்மையைக் கண்டு ஏமாறாதீர்கள். இடுப்பளவு உயரம், கரட் இலை போன்ற இலை, கொத்துக் கொத்தாய்ச் சிறு வெள்ளைப்பூ என்றால் அது பார்த்தீனியம். தோலில் அரிப்பும் மூச்சிழுப்பும் தரும் களை. அதன் அருகே படுக்க வேண்டாம்.

மூன்றாம் படி: கூடாரம்

நடுவில் ஒரே கம்பத்தில் நிற்கும் நான்கு மீற்றர் வட்டக் கூடாரம் இரண்டு பெரியவர்களுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் போதும். இழுகயிறுகளையும் சேர்த்தால் ஏழு மீற்றர் வட்டம் தேவை. விலை அதிகம் என்றால் மரக்காலையில் சவுக்குக் கம்புகள் வாங்கி, மேலே தறப்பாளும் பக்கங்களில் கிடுகும் கட்டிக்கொள்ளலாம். எனக்கு இதுதான் கூடுதல் விருப்பம். காற்று உள்ளே வரும், மண்ணின் நிறத்தோடு ஒத்துப்போகும்.

பருத்தித் துணிக் கூடாரம் வாங்கியவர்கள் முதலில் அதை முற்றத்தில் விரித்து நன்றாக நனைத்துக் காயவிடுங்கள். நூல் உப்பித் தையல் துளைகள் அடைபடும்.

இனி முளை அடிப்பது. வலிகாமத்துச் செம்மண் பல இடங்களில் ஒரு சாண் ஆழம்தான், அதன் கீழே சுண்ணாம்புக்கல். முளை வளையும், கோபம் வரும். அலவாங்கால் முதலில் துளை போட்டுப் பாருங்கள். கல் தட்டினால் அங்கே விட்டுவிட்டு, உரப்பையில் மண் நிரப்பி அதில் கயிற்றைக் கட்டுங்கள். தீவகத்தின் மணற்பாங்கான இடங்களிலும் வடமராட்சி கிழக்கிலும் இதற்கு நேர்மாறு. மணலில் முளை சுலபமாக இறங்கும், காற்றடித்தால் அதே சுலபத்தோடு வெளியே வரும். மணல் நிரப்பிய பையை ஒரு முழ ஆழத்தில் புதைத்து, அதிலிருந்து கயிற்றை இழுங்கள். எந்த மண்ணானாலும் முளையின் தலை கூடாரத்துக்கு எதிர்ப்புறமாகச் சாய்ந்திருக்க வேண்டும்.

நான்காம் படி: படுக்கை

தரையில் படுக்காதீர்கள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எட்டடி விரியன் இரவில்தான் உலாவும். தரையில் தூங்குபவர்களையே பெரும்பாலும் கடிக்கும். கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலே போகலாம் என்பதால் தூங்கியவருக்குக் கடித்ததே தெரியாது. கயிற்றுக் கட்டிலோ சாக்குக் கட்டிலோ போட்டு, மேலே இலவம்பஞ்சு மெத்தை விரித்து, நுளம்பு வலையின் நுனியை மெத்தைக்கு அடியில் சுற்றிவரச் செருகுங்கள். வலை நுளம்புக்கு மட்டுமன்றிப் பாம்புக்கும் தடை. செருப்பை உதறிவிட்டே போடுங்கள், ரோச் இல்லாமல் இறங்காதீர்கள். கடித்ததோ என்ற சந்தேகம் வந்தாலும் போதும், உடனே 1990 ஐ அழையுங்கள். அம்புலன்ஸ் சேவை இலவசம். கட்டுப் போடுவது, கீறுவது, நாட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

டெங்கு கூடும் காலமும் இதுதான். சிரட்டை, ஓலை மடிப்பு, தறப்பாளின் தொய்வு எங்கே நீர் நின்றாலும் கவிழ்த்துவிடுங்கள்.

'தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும்' என்பது கூடாரத்தில் படுத்தவருக்கு நன்றாகப் புரியும். விடியப்புறம் துணி சொட்டச் சொட்ட நனைந்திருக்கும். மேலே உள்ள காற்றுத் துவாரத்தை மூடாதீர்கள். தடித்த போர்வை ஒன்று கூடுதலாக இருக்கட்டும். விளக்குக்குச் சூரிய மின்விளக்கு. அரிக்கன் லாம்பு அழகுதான், ஆனால் வெளியே மரத்தில் தொங்கட்டும். மூடிய துணிக்குள் நெருப்பும் புகையும் உயிருக்கு ஆபத்து.

ஐந்தாம் படி: தண்ணீர், மலசலகூடம்

குழி வெட்டாதீர்கள். எங்கள் குடாநாட்டின் நன்னீர் பெரும்பாலும் அந்தச் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளுக்குள்தான் நிற்கிறது. மேலே விட்டது பக்கத்துக் கிணற்றில் சேரும். பக்கத்து வீட்டு மலசலகூடத்தைக் கேட்டுப் பயன்படுத்துங்கள்.

ஆறாம் படி: சாப்பாடு

பனங்கிழங்கு கிண்டும் காலமும் இதுவே. பகலில் அவித்த கிழங்கு, மாலையில் ஒடியற்கூழ். ஒடியல் என்பது அவிக்காமல் காயவைத்த பனங்கிழங்கு. மூன்று கல் வைத்து, சுற்றியுள்ள காவோலையையும் காய்ந்த புல்லையும் நான்கு மீற்றருக்கு அகற்றிவிட்டு, பக்கத்தில் ஒரு வாளி தண்ணீரோடு அடுப்பு மூட்டுங்கள். ஒடியல் மாவை முதலில் தண்ணீரில் ஊறவிட்டு, அந்தத் தண்ணீரை வடித்து ஊற்றினால் கசப்புக் குறையும். கூழைப் பனையோலைப் பிளாவில் ஊற்றிக் குடியுங்கள். கிண்ணம் கழுவும் வேலையும் இல்லை, குப்பையும் இல்லை.

கடைசிப் படி: கழற்றுவது

விஷ்ணுகிராந்தியைப் பார்த்து முடித்த பிறகு, ஒன்பது மணியளவில் தொடங்குங்கள். பனி காயாத துணியை மடித்து வைத்தால் ஒரே வாரத்தில் பூஞ்சணம் கறுப்புப் புள்ளியாய்ப் பிடிக்கும். அவசரமாக வீடு திரும்ப நேர்ந்தாலும் அங்கே கொடியில் இரண்டு நாள் காயப்போடுங்கள். சாம்பலை நீர் ஊற்றி ஆற்றி, துளைகளை மண்ணால் நிரப்புங்கள். முளைகளை எண்ணுங்கள். பதினான்கு அடித்திருந்தால் பதினான்கும் கைக்கு வரவேண்டும். ஒன்று குறைந்தாலும் தேடி எடுத்த பிறகே புறப்படுங்கள். மறுநாள் அந்தக் கூடலுக்குள் வெறுங்காலோடு ஆடு மேய்க்க ஆட்கள் வருவார்கள்.