டைப் சி இருந்தா எல்லா டாக்கும் ஓடுமா?
கோத்தகிரில வீட்ல இருந்தேதான் வேலை, ரெண்டு மானிட்டர் மாட்டணும்னு டாக் (லேப்டாப்போட ஒரே போர்ட்ல மானிட்டர், கீபோர்டுன்னு பலதையும் மாட்ட உதவற பெட்டி) தேடுனேன். கடைல கேட்டா "டைப் சி இருக்குல்லண்ணா, எல்லாம் ஓடும்"ங்கறாங்க, அப்படியெல்லாம் இல்லங்க, போர்ட் பாக்க ஒரே மாதிரிதான் இருக்கும் ஆனா சிலதுல டேட்டா மட்டும்தான் போகும், போர்ட்ல இருந்து நேரா படம் வரணும்னா டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் (டைப் சி வழியாவே படம் அனுப்பற வசதி) இல்லன்னா தண்டர்போல்ட் (படம், டேட்டா ரெண்டையும் வேகமா அனுப்பற போர்ட் வகை) இருக்கணும். என் லேப்டாப் ஸ்பெக்ல பாத்தா வெறும் டேட்டா, 5 ஜிபிபிஎஸ். அதனால டிஸ்ப்ளேலிங்க் சிப் (படத்த சாதா டேட்டாவா வாங்கி மானிட்டருக்கு மாத்திக் குடுக்கும்) உள்ள டாக்கா பாத்து வாங்கி டிரைவர் போட்டேன், ரெண்டு மானிட்டரும் 1080பில வந்துருச்சு. கேம் ஆடறவங்களுக்கு இது சரிப்படாது, சிபியுவுக்கும் கொஞ்சம் லோடு ஏறி சூடாகும் (இந்த குளிருக்கு நல்லதுதான்!). சார்ஜ் இது வழியா ஏறாது, பழைய சார்ஜர் தனியா குத்தணும். மழை சீசன்ல கரண்ட் போய்ப் போய் வரும், டாக் அடாப்டரையும் மறக்காம யுபிஎஸ்ல மாட்டிடுங்க.