எண்ணெய் வெப்பமூட்டியிலிருந்து இயற்கை எரிவாயுவுக்கு வீட்டை மாற்றுவது எப்படி?

அமெரிக்காவின் வடகிழக்கு மாநிலங்களில், குறிப்பாக மாசசூசெட்ஸ், கனெக்டிகட், மெய்ன் ஆகியவற்றில், எண்ணெய் எரித்து வெப்பமூட்டும் பழைய வீடுகள் இன்றும் ஏராளம். அத்தகைய வீட்டை எரிவாயுவுக்கு மாற்ற எண்ணுபவர்கள், வீட்டைச் சூடாக்கும் நீரைக் காய்ச்சும் பாய்லரின் விலையை விசாரிப்பதற்கு முன்பே, வீட்டுக்கு எதிரே தெருவில் எரிவாயுக் குழாய் செல்கிறதா என்று எரிவாயு நிறுவனத்திடம் கேட்டறிய வேண்டும். குழாய் இல்லையெனில், அதை நீட்டிக்கும் செலவில் பெரும்பகுதி வீட்டுக்காரரின் தலையில் விழக்கூடும் என்பதால், வெளிக்காற்றின் வெப்பத்தை வீட்டுக்குள் கொண்டுவரும் மின்கருவியான ஹீட் பம்பைப் பரிசீலிப்பதே மேல். குழாய் இருந்தால் வசந்த காலத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும். நிலம் உறைந்த பிறகு தோண்டுவது கடினம்.

அடுத்தது செலவுக் கணக்கு. ஒரு கேலன் எண்ணெயில் ஏறத்தாழ 1,38,500 பிடியு (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பமும் ஒரு தெர்ம் (எரிவாயுவை அளந்து விற்கும் அலகு) எரிவாயுவில் 1,00,000 பிடியு வெப்பமும் இருப்பதால், சென்ற குளிர்காலத்தில் வாங்கிய கேலன்களை 1.4 ஆல் பெருக்கினால் தேவைப்படும் தெர்ம் தோராயமாகக் கிடைத்துவிடும். எரிவாயு விலையோடு விநியோகக் கட்டணத்தையும் மாதாந்திர நிலைக்கட்டணத்தையும் சேர்த்தே ஒப்பிட வேண்டும்.

பழைய பாய்லரின் அளவைப் பார்த்து அதே அளவில் புதியதை வாங்கக் கூடாது. பழையவை பெரும்பாலும் தேவைக்கு மீறிய அளவில் பொருத்தப்பட்டவை. சுவர், சன்னல், கூரை வழியே வெளியேறும் வெப்பத்தை அறைவாரியாகக் கணக்கிடாமல், நிலவறையை எட்டிப் பார்த்துவிட்டு விலை சொல்லும் ஒப்பந்தக்காரரைத் தவிர்ப்பது நல்லது.

புகைபோக்கியில் பலர் கவனக்குறைவாக இருந்துவிடுகின்றனர். எரிவாயுப் புகையில் நீராவி மிகுதி. அது அகன்ற செங்கல் புகைபோக்கிக்குள் குளிர்ந்து நீராகி, காரையை அரித்துவிடும். ஆகவே சாதாரண எரிவாயு பாய்லருக்குப் புகைபோக்கியினுள் தகுந்த அளவிலான உலோக உட்குழாய் தேவைப்படும். 90 விழுக்காட்டுக்கு மேல் திறனுள்ள கண்டென்சிங் வகைக்கு (புகையிலுள்ள நீராவியைக் குளிர்வித்து அதன் வெப்பத்தையும் பயன்படுத்துவது) புகைபோக்கி வேண்டாம். அதன் புகை பிளாஸ்டிக் குழாய் வழியே சுவரைத் துளைத்து வெளியேறும். ஆனால் அதிலிருந்து சொட்டும் அமிலநீர் வடிய வழி செய்ய வேண்டும்.

எரிவாயு வேலையை உரிமம் பெற்றவரே செய்ய வேண்டும். மாசசூசெட்ஸில் வீட்டுக்காரர் தாமே செய்யச் சட்டம் இடமளிப்பதில்லை. அனுமதி, குழாயின் அழுத்தச் சோதனை, ஆய்வாளரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் முடியாமல் பாய்லரை இயக்கக் கூடாது. நச்சுவாயுவான கார்பன் மோனாக்சைடு கசிந்தால் ஒலியெழுப்பும் எச்சரிப்பானையும் பொருத்த வேண்டும்.

மிகுந்த எச்சரிக்கை வேண்டியது எண்ணெய்த் தொட்டியில்தான். நிலவறையில் பொதுவாக இருப்பது 275 கேலன் இரும்புத் தொட்டி. எண்ணெயை முடிந்தவரை எரித்துத் தீர்த்தபின், எஞ்சியதையும் அடிக்கசடையும் உறிஞ்சி எடுத்துத் தொட்டியை அகற்றுவார்கள். அன்றே, வெளிச்சுவரில் நீட்டிக்கொண்டிருக்கும் நிரப்புக்குழாயையும் காற்றுக்குழாயையும் கழற்றித் துளைகளைச் சிமெண்ட்டால் அடைத்துவிட வேண்டும். எண்ணெய் நிரப்புபவர் வீட்டுக்குள் வருவதில்லை. வெளியே குழாயைக் கண்டால் நிரப்பிவிடுவார். தொட்டியில்லாத நிலவறைத் தரையில் நூற்றுக்கணக்கான கேலன் எண்ணெய் கொட்டி, வீடே குடியிருக்கத் தகாததாகிப்போன நிகழ்வுகள் உண்டு. கேட்காமலே அவ்வப்போது வந்து எண்ணெய் நிரப்பும் தானியங்கி விநியோக ஒப்பந்தத்தை எழுத்து மூலம் ரத்து செய்வது, குழாய்களைக் கழற்றுவதற்கு மாற்றாகாது; இரண்டும் வேண்டும். தொட்டி மண்ணுக்கடியில் இருந்தால், கசிவு உள்ளதா என்று மண்ணைச் சோதித்து, அந்த அறிக்கையையும் அகற்றியதற்கான சான்றையும் வீட்டுப் பத்திரங்களோடு பாதுகாக்க வேண்டும். வீட்டை விற்கும்போது வாங்குபவர் தரப்பு அவற்றைக் கேட்கும்.